அழுக்கைக் கற்றுக்கொண்ட ரயில்கள்

பெட்டியைத் திறந்தவுடன் வெளியே வரும் பொம்மை ரயில் பளபளவென்று இருக்கும். எஞ்சினின் தலையில் கரி இருக்காது. சக்கரத்தில் தூசி இருக்காது. சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் மழைநீர் இழுத்துவந்த துருக்கோடு இருக்காது. அளவுகள் சரியாக இருக்கலாம், பெட்டியில் எழுதியுள்ள எழுத்துகளும் எண்களும்கூட அச்சு அசலாக இருக்கலாம். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் "இது பொம்மை" என்று கண் சொல்லிவிடுகிறது. ஏன்?

மாதிரி ரயில் என்னும் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்களைப் பல ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்த கேள்வி இது. பணம் உள்ளவர்கள் இன்னும் விலை உயர்ந்த எஞ்சினை வாங்கிப் பார்த்தார்கள். அப்போதும் கண் ஏமாறவில்லை. கடைசியில் விடை கண்டுபிடித்தவர்கள் வேறு சிலர். அவர்களிடம் இருந்த பொருட்கள் அட்டை, மரத்தூள், பிளாஸ்டர், தாள், கொஞ்சம் நீர்வண்ணம், மலிவான சில ரயில் பெட்டிகள். அவர்கள் செய்ததெல்லாம் உண்மையான ரயிலையும், உண்மையான சுவரையும், உண்மையான பாறையையும் நெடுநேரம் உற்றுப் பார்த்ததுதான்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த அப்படிப்பட்ட சிலரையும், அவர்கள் கைவேலையில் எது மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்பதையும் பற்றியது இந்தக் கட்டுரை.

பொம்மையிலிருந்து மாதிரிக்கு

முதலில் பொம்மைதான் வந்தது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் தன் ரயில் பொம்மைகளைக் காட்சிக்கு வைத்தது. தண்டவாளத்தின் அகலத்துக்கு நிலையான அளவுகளை வகுத்தது அதன் சிறப்பு. இன்று ஒரு பெட்டி வாங்கி, அடுத்த ஆண்டு இன்னொன்று வாங்கினாலும் இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும். அமெரிக்காவில் லயனல் நிறுவனம் 1900-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1920-இல் ரயில் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. இவை பெரும்பாலும் தகரத்தில் செய்து வண்ணம் அச்சடிக்கப்பட்டவை. வீட்டுத் தரையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

பின்னர் அளவு சுருங்கியது. "ஓ" என்று அழைக்கப்பட்ட அளவில் ஏறக்குறையப் பாதி என்பதால் "எச்.ஓ." என்று பெயர் பெற்ற அளவு பிறந்தது. உண்மையில் ஓர் அடி நீளமுள்ள பொருள் இதில் மூன்றரை மில்லிமீட்டர். அதாவது 87-இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஒரு சாதாரண மேசைமேல் ஒரு சிறு ஊரையே அமைக்க இது போதுமானதாக இருந்தது. தரையில் ஓடிய ரயில் மேசைக்கு ஏறியதும் அதைச் சுற்றி மலையும், மரமும், நிலையமும் நிரந்தரமாக அமைக்கலாம் என்ற எண்ணம் வந்தது. இப்படி நிரந்தரமாக அமைக்கும் ரயில் பாதையும் சுற்றுப்புறமும் சேர்ந்ததைத்தான் "லேஅவுட்" என்கிறார்கள்.

1934-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏ.சி. கால்ம்பாக் "மாடல் ரெயில்ரோடர்" என்ற மாத இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1935-இல், அதே நகரில் தேசிய மாதிரி ரயில் சங்கம் உருவானது. எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த நிறுவனத்தின் தண்டவாளத்திலும் ஓட வேண்டும் என்பதற்கான அளவுகளை இச்சங்கம் வகுத்தது. ஆக, ரயில் சரியாக ஓட வழி கிடைத்துவிட்டது. ஆனால் உண்மையாகத் தோன்ற வழி?

அட்டையும் மரத்தூளும்

லண்டனில் வாழ்ந்த ஜான் ஏஹர்ன் 1930-களின் கடைசியில் "மேடர் வேலி" என்ற கற்பனை ரயில் பாதையை அமைக்கத் தொடங்கினார். அக்காலத்தில் பெரும்பாலோருக்கு ரயில்தான் முக்கியம். சுற்றுப்புறம் என்பது ஒப்புக்கு நான்கு மரம், இரண்டு வீடு. ஏஹர்ன் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றினார். முதலில் ஓர் ஊர், அதில் தெருக்கள், கடைகள், ஆறு, துறைமுகம். அந்த ஊருக்குத் தேவை இருப்பதால் அங்கே ஒரு சிறிய ரயில் வருகிறது!

அவருடைய வீடுகள் அட்டையால் ஆனவை. இங்கிலாந்தின் பல இடங்களில் பார்த்த உண்மைக் கட்டடங்களை அவர் மாதிரியாகக் கொண்டார். செங்கல் வரிசை, ஓட்டின் அடுக்கு, சுவரில் படிந்த பழமை எல்லாவற்றையும் வண்ணத்தில் கொண்டுவந்தார். அக்காலத்தில் புல்வெளிக்கு எல்லோரும் பயன்படுத்திய பொருள் சாயம் தோய்த்த மரத்தூள். மர அறுவை ஆலையில் கீழே கொட்டிக் கிடக்கும் தூளைச் சலித்து, பச்சையும் பழுப்பும் தோய்த்துக் காயவைத்தால் போதும். பசை தடவிய இடத்தில் தூவினால் புல் வந்துவிடும்.

ஏஹர்ன் தான் கற்றதைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. சிறு கட்டடங்களை எப்படிச் செய்வது, சிறு நிலக்காட்சியை எப்படி அமைப்பது என்று தனித்தனியாகப் புத்தகங்கள் எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் பொருட்களுக்குத் தட்டுப்பாடு இருந்தது. அட்டையும், பசையும், கத்தியும் இருந்தால் ஒரு தெருவே அமைக்கலாம் என்று சொன்ன அந்தப் புத்தகங்கள் பலருக்கும் கைகொடுத்தன. 1961-இல் ஏஹர்ன் மறைந்தார். அவருடைய மேடர் வேலி மறையவில்லை. அது இன்று ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் லாங் விட்டனம் என்ற கிராமத்தில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் தோன்றியதும் ஒரு தனிமனிதரின் கவலையால்தான்.

மறையும் கிராமத்தைப் பிடித்து வைத்தவர்

ராய் இங்லண்ட் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1925-இல் இளைஞராக இங்கிலாந்து வந்தார். "வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு" எனப்படும் பகுதியின் கிராமங்கள் அவர் மனதைக் கவர்ந்தன. வைக்கோல் வேய்ந்த கூரைகள், சுண்ணக்கல் சுவர்கள், வளைந்த சிறு பாதைகள். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மாறத் தொடங்கின. பழைய கூரைகளை எடுத்துவிட்டுப் புதிய கூரைகளைப் போட்டார்கள். சாலைகள் அகலமாயின. சில வீடுகள் இடிந்தன.

மாற்றத்தைத் தடுக்க ஒரு தனிமனிதரால் முடியாது. அவர் வேறொன்று செய்தார். வீடுகளை அளந்தார், படம் எடுத்தார், குறிப்பெழுதினார். பிறகு அவற்றை அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில் அப்படியே திரும்பக் கட்டினார். எதைக் கொண்டு? மீண்டும் அட்டைதான்! சுவரின் ஒவ்வொரு கல்லும் அட்டையில் கீறப்பட்டு, தனித்தனியாக நீர்வண்ணம் தீட்டப்பட்டது. குழாய்ப் பணியாளர்கள் இணைப்புகளில் சுற்றும் சணல் நார்தான் வைக்கோல் கூரை ஆனது. ஒரே ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உழைப்பு தேவைப்பட்டது.

1954-இல் இந்த முயற்சி ஓர் அருங்காட்சியகமாக உருப்பெற்றது. 1930-களின் அந்தப் பள்ளத்தாக்கையும், அதனூடே ஓடிய கிரேட் வெஸ்டர்ன் ரயிலையும் காட்டும் அந்தப் பெரும் காட்சியைத் தன்னார்வலர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்தார்கள். அதன் நடுவில் உள்ள கிராமத்தின் பெயர் பெண்டன் பார்வா. ஊர் கற்பனை, வீடுகள் உண்மை. அவற்றில் சிலவற்றின் அசல் கட்டடங்கள் இப்போது இல்லை. 1995-இல் ராய் இங்லண்ட் மறைந்தபோது அவர் தொடங்கிய வேலை முடிந்திருக்கவில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து செய்ய ஆட்கள் இருந்தார்கள்.

அழுக்கின் ஆசிரியர்

இங்கிலாந்தில் அட்டை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், அட்லாண்டிக்குக்கு அப்பால் இன்னொருவர் இதே கேள்வியை வேறு பக்கமிருந்து அணுகினார். ஜான் ஆலன், 1913-இல் பிறந்தவர். தொழிலால் புகைப்படக்காரர். 1946-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் குடியேறி, எச்.ஓ. அளவில் ஒரு சிறிய லேஅவுட்டைத் தொடங்கினார். ஒரு சாப்பாட்டு மேசையளவுதான் அது. அதற்கு அவர் வைத்த பெயர் "கோர் அண்ட் டாஃபெடிட்". வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் "இரத்தக்களறியாகித் தோற்றுப்போனது" என்று காதில் விழும். அவருடைய குறும்புக்கு இதுவே சான்று. பின்னாளில் 13 என்ற எண் தாங்கி, பெட்டிகளை இழுத்துத் தள்ளும் ஒரு டைனோசர்கூட அவர் லேஅவுட்டில் "வேலை" பார்த்தது!

குறும்பு ஒருபுறம் இருக்க, ஆலனின் கண் புகைப்படக்காரரின் கண். கேமரா எதையும் மன்னிக்காது. பளபளக்கும் பிளாஸ்டிக்கும் சீரான வண்ணமும் படத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பெரிய பொருளின்மேல் விழும் வெளிச்சம் பல இடங்களில் சிதறி மங்கலாகத் தெரியும். சிறிய பொம்மையில் அதே வெளிச்சம் ஒரு பெரிய பளிச்சிடும் புள்ளியாக நின்றுவிடும். தொலைவிலிருந்து பார்க்கும் பொருளின் நிறம் சற்று வெளிறியும் இருக்கும். எனவே அசலில் பூசிய அதே கறுப்பை மாதிரியில் பூசினால் அது மிகவும் கனத்த கறுப்பாகிவிடும்.

ஆலன் தன் எஞ்சின்கள், பெட்டிகள், கட்டடங்கள் அனைத்தையும் "பழசாக்கினார்". அந்நாளில் அழகான, பளபளப்பான எஞ்சினைக் காட்டிப் பெருமைப்படுவதுதான் வழக்கம். காசு கொடுத்து வாங்கிய பொருள்மேல் வேண்டுமென்றே அழுக்குப் பூசுவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் படங்கள் இதழ்களில் வரத் தொடங்கியதும் பேச்சு மாறியது. வார்னி என்ற மாதிரி ரயில் நிறுவனத்தின் விளம்பரங்களில் ஆலன் எடுத்த படங்கள் இடம்பெற்றன. கடையில் எவரும் வாங்கக்கூடிய எஞ்சின்தான் அது. ஆலனின் மலையிடுக்கில், மரப்பாலத்தின்மேல், கரி படிந்து நின்றபோது அது முப்பது ஆண்டு ஓடிக் களைத்த எஞ்சினாகத் தெரிந்தது.

அழுக்கு என்றால் கண்ட இடத்தில் பூசுவதல்ல. அதற்கு ஒரு காரண காரியம் உண்டு. புகை மேலே போய்க் கீழே படிவதால் கூரையில் கரி. சக்கரம் தூசியை மேல்நோக்கி வீசுவதால் அடிப்பகுதியில் மண்ணின் நிறம். துரு ஆணித்தலையிலும் விளிம்பிலும் தொடங்கி, மழைநீரோடு நேர்கீழாக வழியும். கைபடும் ஏணிப்படியில் வண்ணம் தேய்ந்து உலோகம் தெரியும். இவற்றைச் செய்யத் தேவையான பொருட்கள் மிக மலிவு. சாக்பீஸை உப்புத்தாளில் உரசி எடுத்த தூள் தூசி ஆகும். ஆல்கஹாலில் நீர்க்கக் கலந்த இந்திய மை, மரப்பலகையின் இடுக்குகளில் இறங்கி ஆண்டுக்கணக்கான முதுமையைத் தரும். தூரிகையில் உள்ள வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் மேலோட்டமாக இழுத்தால் விளிம்புகள் மட்டும் நிறம் பிடிக்கும். கடைசியில் பளபளப்பை அடக்கும் நிறமற்ற பூச்சு ஒன்று. அவ்வளவுதான்.

நீலப் பெட்டியின் காலம்

ஆலனைப் போல எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய எல்லோருக்கும் நேரமும் திறமையும் வாய்க்குமா? இங்கேதான் இர்வின் ஏதர்ன் வருகிறார். கலிஃபோர்னியாவில் அவர் நடத்திய நிறுவனம் 1950-களில் பிளாஸ்டிக்கில் சரக்குப் பெட்டிகளைச் செய்து மிகக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியது. நீல நிறப் பெட்டியில் வந்ததால் "புளூ பாக்ஸ்" என்றே பெயர். உள்ளே சில துண்டுகள், சில திருகாணிகள். ஒரு மாலைப்பொழுதில் பூட்டி முடித்துவிடலாம். பெட்டியைக் குலுக்கினால் போதும், வேகன் தயார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பாக்கெட் மணியில் ரயில் வாங்கிய பள்ளி மாணவர்கள் ஒரு தலைமுறைக்கே இதுதான் தொடக்கம்.

விலை குறைவு என்றால் குறையும் இருக்கும் அல்லவா? கைப்பிடிக் கம்பிகள் தனியாக இல்லாமல் பக்கவாட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தன. பெட்டிகளை இணைக்கும் கொக்கி அளவுக்கு மீறிப் பெரியது, பார்க்கவும் உண்மைக் கொக்கி போல இல்லை. சக்கரங்கள் பிளாஸ்டிக். இந்தக் குறைகளே ஒரு பெரிய பள்ளிக்கூடமாகிவிட்டன. மலிவான பெட்டியைக் கெடுத்துவிட்டால் நஷ்டம் கொஞ்சம். எனவே பயமில்லாமல் கை வைக்கலாம்.

வார்ப்பில் இருந்த கைப்பிடியைக் கத்தியால் சீவிவிட்டு, ஊசிபோன்ற துரப்பணத்தால் துளையிட்டு மெல்லிய கம்பியை வளைத்துச் செருகினார்கள். பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டார்கள். கொக்கிக்குப் பதிலாக, ஓரிகன் மாநிலத்தில் கீத், டேல் என்ற எட்வர்ட்ஸ் சகோதரர்கள் உருவாக்கிய கேடீ இணைப்பைப் பொருத்தினார்கள். அது உண்மையான அமெரிக்க ரயில் இணைப்பைப் போலவே மடக்கிய கைவிரல்கள் ஒன்றையொன்று பற்றுவதுபோல் இருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் வைத்த காந்தத்தால் கை படாமலே பிரியவும் செய்யும்.

அடுத்தது எடை. லேசான பெட்டி வளைவில் தடம் புரளும். தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஓர் எளிய பரிந்துரை வைத்திருக்கிறது. எச்.ஓ. அளவுக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், அதனுடன் பெட்டியின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். உண்மையில் 40 அடி நீளமுள்ள சரக்குப் பெட்டி இந்த அளவில் ஏறக்குறைய ஐந்தரை அங்குலம். கணக்குப் போட்டால் மூன்றே முக்கால் அவுன்ஸ், அதாவது சுமார் 106 கிராம் வரும். குறையும் எடைக்குப் பெட்டிக்குள் பழைய நட்டு, இரும்புத் துண்டு எதையாவது ஒட்டிவிட்டால் முடிந்தது. இதற்குப் பிறகு பெட்டி ஓடும் விதமே மாறிவிடும். ஆட்டம் குறைந்து, கனமான ஒன்று உருண்டு போவதுபோல் தெரியும். பார்வைக்கு மட்டுமல்லாமல் அசைவுக்கும் உண்மைத்தன்மை வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

தீப்பெட்டிக்குள் ஒரு தெரு

ரயில் தயார். ரயில்வே கேட்டில் காத்திருக்கும் வாகனங்கள்? ஹார்ன்பியின் நிறுவனம் 1930-களில் தன் ரயில்களுக்குத் துணைப்பொருளாகச் செய்யத் தொடங்கிய சிறு வாகனங்கள்தான் பிறகு டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றன. அதாவது பொம்மைக் கார்களின் வரலாற்றிலேயே ரயில் லேஅவுட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1953-இல் லண்டனின் லெஸ்னி நிறுவனம் மேட்ச்பாக்ஸ் கார்களைக் கொண்டுவந்தது. பள்ளிக்குக் கொண்டுவரும் பொம்மை தீப்பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்ற விதி இருந்ததால், அந்நிறுவனத்தின் ஜாக் ஓடெல் தன் மகளுக்காகச் செய்த சிறிய சாலை உருளைதான் இதற்கு வித்து என்று சொல்வார்கள்.

விலை மலிவுதான். ஆனால் ஒரு சிக்கல். காரும் சரி, இரட்டை மாடிப் பேருந்தும் சரி, ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். அதனால் காருக்கு ஓர் அளவு, பேருந்துக்கு வேறோர் அளவு! இரண்டையும் அருகருகே நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதற்கும் வழி கண்டார்கள். அளவில் பெரியவற்றை முன்னால், பார்ப்பவருக்கு அருகில் நிறுத்துவது. சிறியவற்றைப் பின்னால், மலையடிவாரச் சாலையில் நிறுத்துவது. கண் அதைத் தொலைவு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டடி ஆழமுள்ள மேசையில் இரண்டு மைல் தொலைவு கிடைத்துவிடும். மற்றபடி காருக்கும் ரயிலுக்குச் சொன்ன மருத்துவமே. பளபளப்பை அடக்குவது, அடிப்பகுதியில் சாலைத் தூசி பூசுவது, வெள்ளி நிறத்தை விளக்கிலும் பம்பரிலும் மட்டும் மெல்லத் தொடுவது, எண் பலகை ஒட்டுவது, உள்ளே ஓட்டுநரை உட்கார வைப்பது. முன்சக்கரத்தைச் சற்றுத் திருப்பி வைத்தால் நின்றிருக்கும் கார்கூட இப்போதுதான் வந்து நின்றதுபோல் இருக்கும்.

மலை செய்யும் வித்தை

வாகனம் நிற்க நிலம் வேண்டும். ஆரம்பத்தில் மலை என்றால் கம்பிவலையை வளைத்து, அதன்மேல் கனமாகப் பிளாஸ்டர் பூசுவது. எடை அதிகம், விரிசலும் விடும். "மாடல் ரெயில்ரோடர்" இதழுக்கு 1961 முதல் 1977 வரை ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட், 1960-களில் ஓர் எளிய முறையைப் பரப்பினார். அட்டைக் கீற்றுகளைக் கூடைபோலப் பின்ன வேண்டும். சமையலறையில் கை துடைக்கும் தாளைக் கெட்டியான பிளாஸ்டர் கரைசலில் தோய்த்து அதன்மேல் போர்த்த வேண்டும். காய்ந்ததும் முட்டை ஓடுபோல மெல்லிய, ஆனால் தானாக நிற்கும் மலை கிடைக்கும். ஈரமாக இருக்கும்போதே வண்ணப்பொடி கலந்த உலர்ந்த பிளாஸ்டர் தூளைச் சல்லடையால் தூவினால் மண்ணின் நிறமும் சொரசொரப்பும் ஒன்றாக வந்துவிடும். மரங்களுக்குக் காட்டில் கிடைக்கும் லைக்கனும் காய்ந்த செடிக் குச்சிகளும். பின்னர், 1970-களில், பொடியாக அரைத்துச் சாயமேற்றிய நுரைத்தூள் கடைகளுக்கு வந்தது. மரத்தூளின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

நம் வீடுகளில் கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா வைத்தவர்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல. கண்ணாடித் துண்டு குளமாகும், முளைவிட்ட கேழ்வரகு வயலாகும், ஆற்றுமணல் சாலையாகும். ஆலனும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். ஆனால் படுக்க வைத்தல்ல, நிறுத்தி வைத்து! ஒரு தெரு முடியும் இடத்தில் சுவரோடு ஒரு கண்ணாடி. தெரு அதற்குள் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். பார்ப்பவரின் முகம் அதில் தெரியாதபடி ஒரு பாலமோ, ஒரு மரமோ சாமர்த்தியமாக மறைத்துக்கொள்ளும்.

பத்து நாட்கள்

1950-களில் ஆலன் மான்டரேயிலேயே ஒரு பெரிய வீட்டுக்கு மாறினார். அதன் அடித்தளத்தில் தன் மூன்றாவது, கடைசி லேஅவுட்டைக் கட்டத் தொடங்கினார். மலைகள் தரையிலிருந்து கூரைவரை உயர்ந்தன. பார்ப்பவர் மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் நடப்பதுபோல் நடக்க வேண்டும். முதன்முதலில் செய்த அந்தச் சாப்பாட்டு மேசை அளவு லேஅவுட்டையும் அவர் தூக்கி எறியவில்லை. அதை அப்படியே இந்தப் பெரிய உலகத்தின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டார். நண்பர்கள் கூடி, உண்மை ரயில் நிறுவனம் போல அட்டவணை வைத்து ரயில்களை இயக்கினார்கள். இருபது ஆண்டுக்கு அருகே அந்த வேலை நடந்தது.

1973 ஜனவரி 6-ஆம் தேதி ஜான் ஆலன் காலமானார். அடுத்த பத்தே நாட்களில் அந்த வீட்டில் தீப்பிடித்தது. மரம், அட்டை, தாள், காய்ந்த செடி... மலிவான பொருட்கள் எவ்வளவு எளிதில் கிடைத்தனவோ அவ்வளவு எளிதில் எரிந்தன. மலைகள், பாலங்கள், முதல் மேசை எல்லாம் போயின. மிகச் சிலவே மிஞ்சின.

வேறொருவர் விஷயத்தில் கதை இங்கே முடிந்திருக்கும். ஆலன் விஷயத்தில் முடியவில்லை. காரணம், அவர் படங்கள் எடுத்திருந்தார், இதழ்களில் எழுதியிருந்தார், வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருந்தார். லின் வெஸ்ட்காட் அவற்றைத் திரட்டி ஒரு நூலாக்கினார். 1980-இல் வெஸ்ட்காட்டும் மறைந்துவிட, அந்நூல் 1981-இல் வெளியானது. அந்த லேஅவுட்டை ஒருநாளும் நேரில் பார்க்காத ஆயிரக்கணக்கானோர் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். இன்று தொழிற்சாலைகளே பெட்டிகளை அழுக்குப் பூசித் தயாராக விற்கின்றன. ஒரு காலத்தில் முகம் சுளிக்க வைத்த செயல், இன்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் சிறப்பம்சம்!

மிஞ்சியது எது?

மூன்று பேரின் கைவேலையும் ஒரே வகையான மலிவுப் பொருட்களால் ஆனதுதான். ஆனால் முடிவுகள் வேறுவேறு. ஏஹர்னின் ஊருக்கு அவருக்குப் பின் ஓர் இடம் கிடைத்தது. ராய் இங்லண்டின் கிராமத்துக்கு ஓர் அமைப்பும் அடுத்த தலைமுறைக் கைகளும் கிடைத்தன. ஆலனின் மலைகளுக்கு ஒரு தனி வீடு மட்டுமே இருந்தது. அது எரிந்தபோது மலைகளும் எரிந்தன. ஒரு படைப்பைச் செய்து முடிப்பது பாதி வேலை, அதற்கு ஒரு காப்பிடம் தேடுவது மீதி வேலை என்பதை இந்த வேறுபாடு சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்கிறது. தீயால் எரிக்க முடியாத ஒன்றும் அங்கே இருந்தது. துரு எங்கே தொடங்கும், கரி எங்கே படியும், தொலைவில் நிறம் எப்படி வெளிறும் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்த பார்வை அது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விட்டதால் அது பிழைத்தது. இப்போதும் உலகின் ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒரு பள்ளி மாணவன் குறைந்த விலைக்கு வாங்கிய பிளாஸ்டிக் வேகனைக் கையில் வைத்துக்கொண்டு, சாக்பீஸ் தூளை விரலில் தொட்டுக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பான். பூசுவதற்கு முன் அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். அருகில் உள்ள ரயில் நிலையத்துக்குப் போய், ஒரு சரக்கு ரயில் கடந்து போவதைக் கடைசிப் பெட்டி வரை நின்று பார்க்க வேண்டும்.